பீர்க்கன், பாகல் பந்தலில் பெண்பூ வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை: தேனீப் பெட்டி வைக்கலாமா?

பந்தல்விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம், செம்மண், சொட்டுநீர். ஒரு ஏக்கர் கல்தூண் பந்தலில் பாதி பீர்க்கன், பாதி பாகல். கொடி பந்தலேறி நன்றாகப் படர்ந்திருக்கிறது, இலை கரும்பச்சை. ஆண்பூ, பெண்பூ இரண்டும் வருகின்றன. ஆனால் பெண்பூ விரிந்த மூன்றாம் நான்காம் நாளில் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடுகிறது. பீர்க்கனில்தான் இது அதிகம். தப்பி நிற்கிற காயும் கூனலாக, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சூம்பி வருகிறது. மண்டியில் அதைக் கழித்துவிடுகிறார்கள்.

காலையில் மருந்து அடித்தால் தேனீக்கு ஆகாது என்பதால் எல்லா மருந்தும் மாலை ஐந்தரைக்கு மேல்தான் அடிக்கிறோம். அசுவினிக்கு தயாமீத்தாக்சம், சிவப்பு வண்டுக்கு லாம்ப்டா சைஹாலோத்ரின்.

இது மகரந்தச் சேர்க்கைக் குறைபாடுதானா? தேனீப் பெட்டி வைப்பதென்றால் எந்தத் தேனீ, ஏக்கருக்கு எத்தனை, எப்போது கொண்டுவர வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் மகரந்தம் போதுமான அளவு சேரவில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் பெட்டிக்குக் காசு போடுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் காய் ஈ. மஞ்சளான பிஞ்சை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதிலிருந்து பிசின் மாதிரிக் கசிவு, பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு என்றிருந்தால் அது ஈயின் வேலை. அதற்குப் பெட்டி வைத்துப் பயனில்லை, ஈயைக் கவர்ந்து பிடிக்கும் கியூலூர் பொறிதான் மாட்ட வேண்டும். புள்ளி எதுவும் இல்லாமல், பூத்த அன்றிருந்த அளவிலேயே பிஞ்சு நின்று வாடியிருந்தால் சூல் கருவுறவில்லை. அடுத்து ஒரு கூனல் காயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தடித்த பக்கத்தில் விதை திரண்டிருக்கும், சூம்பிய பக்கத்தில் விதை தட்டையாய்ப் பொக்காகக் கிடக்கும். வளரும் விதையிலிருந்து வரும் ஊக்கிகள்தான் சுற்றியுள்ள சதையைப் பருக்க வைக்கின்றன. விதை பிடிக்காத இடத்தில் சதை நின்றுபோகும், மறுபக்கம் மட்டும் நீள்வதால் காய் வளையும்.

இப்போது ஒரு சோதனை. நாளைக்கு விரியப்போகிற பெண் மொக்குகளில் 60 தேர்ந்தெடுங்கள். (பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருப்பதுதான் பெண்பூ.) 20 மொக்குக்கு வெண்ணெய்த்தாள் உறையோ மெல்லிய துணிப் பையோ போட்டுக் கட்டிவிடுங்கள், ஒரு பூச்சியும் உள்ளே போகக் கூடாது. 20 பூவுக்குக் கையால் மகரந்தம் தடவி ஒரு நிற நூல் கட்டுங்கள். மீதி 20 பூவில் கை வைக்காமல் வேறு நிற நூல் மட்டும் கட்டுங்கள். ஏழாம் நாள் எண்ணுங்கள். உறை போட்டதில் ஏறக்குறைய ஒன்றுமே நிற்காது. கையால் தடவியதில் பெரும்பாலானவை நின்று, சும்மா விட்டதில் பாதிகூட நிற்கவில்லை என்றால் உங்கள் தோட்டத்தில் பூச்சி போதவில்லை என்பது உறுதி. கையால் தடவியதும் சேர்ந்து உதிர்ந்தால் கோளாறு செடியில் இருக்கிறது: தழைச்சத்து மிகுதி, போரான் குறைவு, வேருக்குத் தண்ணீர்த் தட்டு, அல்லது 35 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் மகரந்தம் செத்துப்போவது. இலை கரும்பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள், யூரியா அளவை ஒருமுறை பாருங்கள்.

சோதனையில் ஒரு எச்சரிக்கை. ஒரே கொடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று காய் பருத்துக்கொண்டிருந்தால், பின்னால் வரும் பிஞ்சுக்கு உணவு போகாமல் கொடியே அதை உதிர்த்துவிடும். அதனால் மூன்று வகைப் பூவையும் காய்ச்சுமை ஒரே மாதிரி உள்ள கொடிகளில் கலந்து எடுங்கள். முற்றிய காயைக் கொடியில் விட்டுவைக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாகலும் பீர்க்கனும் ஒரே குடும்பம், ஆனால் பூ விரியும் நேரம் வேறு. பாகல், வெள்ளரி, தர்பூசணி, பூசணி எல்லாம் விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். பீர்க்கன், சுரை, புடலை மூன்றும் மாலையில் விரிபவை. பீர்க்கன் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் விரிந்து, இரவெல்லாம் திறந்திருந்து, மறுநாள் காலை வெயில் ஏறும்போது சுருங்கும். நுரைப்பீர்க்கு மட்டும் காலையில் விரியும், பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

மாலை ஐந்தரைக்குப் பந்தலுக்குள் நின்று ஒரு பீர்க்கன் மொக்கைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சள் இதழ்கள் முறுக்குத் தளர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலகும். ஆண்பூவில் மகரந்தப் பை வெடித்துப் பொடி வெளியே தெரியும், பெண்பூவின் நடுவில் மூன்று மடலாகப் பிரிந்த சூல்முடி ஈரப் பசையோடு பளபளக்கும். உங்கள் தெளிப்பான் உள்ளே வருவதும் அதே நேரத்தில்தான். மாலையில் அடி என்ற அறிவுரை பாகலுக்குச் சரி, பீர்க்கனுக்குப் பொருந்தாது. மருந்து நீர் மகரந்தத்தை நனைத்தால் அது வெடித்து வீணாகும். இருட்டியதும் வருகிற அந்துப்பூச்சியும், மறுநாள் காலை ஆறு மணிக்கு வருகிற தேனீயும் மருந்து படிந்த பூவில்தான் உட்கார வேண்டியிருக்கும். பாகலைவிடப் பீர்க்கனில் உதிர்வு அதிகம் என்று நீங்கள் சொல்வது இதோடு ஒத்துப்போகிறது.

கரிசல்காடு:

வைகைக்கரை சொன்னதை ஒட்டி மருந்து பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்தைப் பார்த்துத் தேனீக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்கிறவர்கள் நிறைய. அது தவறு. அந்த நிறம் பாலூட்டிகளுக்கான நச்சு அளவைக் குறிப்பது, மனிதர் விழுங்கினால், தோலில் பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதற்காக வைத்தது. நீல முக்கோணம் போட்டு வரும் தயாமீத்தாக்சம் தேனீக்குக் கடும் நஞ்சு. டப்பாவோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் தேனீ பற்றிய எச்சரிக்கை வரி தனியாக இருக்கும், அதைப் படியுங்கள்.

தயாமீத்தாக்சம், இமிடாகுளோபிரிட் இரண்டும் ஊடுருவிப் பாயும் மருந்துகள். இலையில் அடித்தாலும் சொட்டுநீரில் விட்டாலும் செடிக்குள் ஏறி மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேரும். அதனால் மாலையில் அடித்தேன், காலைக்குள் காய்ந்துவிட்டது என்ற கணக்கு இவற்றுக்குச் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோதியனிடின் மூன்றையும் திறந்தவெளிப் பயிரில் தடை செய்ததற்குக் காரணம் இதுதான். பூ வந்த பிறகு பந்தலில் இவை வேண்டவே வேண்டாம்.

லாம்ப்டா சைஹாலோத்ரின் தொட்டால் கொல்லும் வகை. குளோர்பைரிபாஸ், பிப்ரோனில், எமாமெக்டின் எல்லாமே பூ நேரத்தில் ஆகாதவை. ஸ்பைனோசாட் ஈரமாக இருக்கும்போது கொல்லும், நன்றாகக் காய்ந்தபின் ஆபத்து வெகுவாகக் குறையும். பொடி மருந்தைத் தூவுவது இன்னும் மோசம். மகரந்தம் ஒட்டுகிற மாதிரியே பொடியும் தேனீயின் உடல் மயிரில் ஒட்டி, கூட்டுக்குப் போய்ப் புழுக்களுக்கு ஊட்டப்படும். பூஞ்சாணக் கொல்லிதானே என்று புரோபிகோனசோல் போன்றவற்றைப் பூச்சி மருந்தோடு ஒரே டேங்கில் கலப்பதையும் நிறுத்துங்கள். அந்த வகைப் பூஞ்சாணக் கொல்லிகள் தேனீயின் உடல் நஞ்சைச் செரித்து வெளியேற்றும் திறனைக் குறைத்துவிடுவதால், தனியாக அடித்தால் தப்பிக்கும் தேனீ கலவையில் சாகும்.

பதிலுக்கு என்ன செய்வது? சிவப்பு வண்டு பெரிய சேதம் செய்வது நாற்றுப் பருவத்தில்தான். பந்தலேறிய கொடியில் அது இலையை ஓட்டை போட்டாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. விடியற்காலையில் மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடலாம். அசுவினிக்கு 5 சத வேப்பங்கொட்டைச் சாறு: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, 100 கிராம் காதிசோப்பு சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியில் சிறிய தேனீக்களும் வந்து ஒட்டும், பூ விரியத் தொடங்கியபின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். பாகல் நண்பகலில் மூடிவிடும், பீர்க்கன் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். இரண்டும் உள்ள பந்தலில் இரண்டுக்கும் பொதுவாகக் கிடைக்கிற இடைவெளி மதியம் இரண்டரையிலிருந்து நான்கு. முந்தைய நாள் பீர்க்கன் பூ சுருங்கியிருக்கும், அன்றைய மொக்கு மூடியிருப்பதால் மகரந்தம் நனையாது. வெயில் நேரம் என்பதால் மூன்று விஷயம்: முதல்நாளே தண்ணீர் விட்டுச் செடி வாடாமல் இருக்க வேண்டும், எண்ணெய் மருந்தும் கந்தகமும் கூடவே கூடாது (பூசணிக் குடும்பம் கந்தகத்துக்குக் கருகும்), 35 டிகிரிக்கு மேல் போகும் நாளில் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். பாகல் பகுதிக்கு மட்டும் என்றால் மாலை ஆறு மணிக்கு அடிக்கலாம், காற்று பீர்க்கன் பக்கம் வீசாத நாளாகப் பார்த்து.

பந்தல்விவசாயி:

இருவருக்கும் மிக்க நன்றி. கூனல் காயைப் பிளந்து பார்த்தேன், சூம்பிய பக்கம் விதை பொக்குத்தான். ஈ குத்திய அடையாளம் இல்லை. 60 பூ சோதனையும் வைக்கிறேன். பெட்டி பற்றியும் யாராவது விவரமாகச் சொல்லுங்கள். வாடகைக்குப் பெட்டி தருகிறவர் இத்தாலியத் தேனீதான் இருக்கிறது என்கிறார், இந்தியத் தேனீ வேண்டுமானால் மார்த்தாண்டம் பக்கம் கேட்க வேண்டுமாம். பக்கத்துத் தோட்டத்தில் சூரியகாந்தி பூக்கத் தொடங்கியிருக்கிறது. தேனீ அங்கே போய்விடுமா?

தேனடை:

போகும் ஐயா. தேனீ எங்கே தேனும் மகரந்தமும் மலிவாய்க் கிடைக்கிறதோ அங்கேதான் போகும், வாடகை யார் கொடுத்தார் என்று அதற்குத் தெரியாது. சூரியகாந்தி, கொத்தமல்லி, எள் இவற்றோடு ஒப்பிட்டால் பூசணிக் குடும்பப் பூக்கள் தேனீக்கு இரண்டாம் பட்சம். அதனால் பெட்டியைக் கொண்டுவரும் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெண்பூ 5 முதல் 10 சதம் விரிந்திருக்கும்போது இறக்க வேண்டும். பூ வருமுன்னே இறக்கினால் சுற்றுவட்டாரத்தில் வேறு பூவைக் கண்டுபிடித்துப் பழகிவிடும், பிறகு உங்கள் பந்தலைத் திரும்பிப் பார்க்காது. உங்கள் நிலையில் இப்போது இறக்கலாம். சூரியகாந்தி முழுதாய்ப் பூத்திருக்கும் நாட்களில் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்று எதிர்பாருங்கள்.

எத்தனை என்றால், எக்டருக்கு இந்தியத் தேனீ 5 பெட்டி, இத்தாலியத் தேனீ 3 பெட்டி என்பது நம் நாட்டில் வழக்கமாகப் பரிந்துரைக்கும் கணக்கு. ஏக்கருக்கு இந்தியத் தேனீ 2, இத்தாலியத் தேனீயானால் 1 அல்லது 2 போதும். உங்களுக்கு இந்தியத் தேனீதான் பொருத்தம், ஏனென்றால் அது இத்தாலியத் தேனீயைவிட அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பும், பாகல் பூவோ விடியலிலேயே விரிந்து விடுகிறது. இத்தாலியத் தேனீதான் கிடைக்கும் என்றால் அதுவும் பயன்படும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

பெட்டியின் எண்ணிக்கையைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியம். இந்தியத் தேனீ வளர்க்கும் நியூட்டன் பெட்டியில் புழு அறையில் அடை கட்டுவதற்கான 7 சட்டம் இருக்கும். அதில் குறைந்தது 5 சட்டத்தின் இருபுறமும் தேனீ மூடியிருக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், முட்டையும் மூடாத புழுவும் கணிசமாக இருக்க வேண்டும். புழு இருந்தால்தான் அதற்கு ஊட்ட மகரந்தம் தேவைப்படும், மகரந்தம் தேடுகிற ஈ அதிகமாகப் போகும். தேன் மட்டும் நிரம்பி, புழு இல்லாத பெட்டி உங்களுக்கு உதவாது.

கொண்டுவருவது இரவில். எல்லா ஈயும் உள்ளே வந்தபின் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் கயிற்றால் கட்டி, விடியுமுன் இடத்தில் வைத்துத் திறந்துவிட வேண்டும். பெட்டி முன்பு இருந்த இடம் உங்கள் தோட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடும். வைக்கும் இடம் பந்தலின் ஓரத்தில் மரநிழல், காலை இளவெயில் வாசலில் படும்படி கிழக்கு பார்த்து. கால் வைத்த தாங்கியில் வைத்து, நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம், எறும்பு ஏறினால் இந்தியத் தேனீ கூட்டைவிட்டே ஓடிப்போகும். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பதுதான் பெட்டி வைத்தவரின் அன்றாட வேலை. அகன்ற தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், இல்லையென்றால் மருந்து கலக்கும் தொட்டிக்குக் குடிக்க வரும்.

வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். திரும்பி வருகிற ஈக்களின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை இருக்க வேண்டும். பிறகு பந்தலுக்குள் போய் ஒன்பது மணிக்குப் பாகல் பெண்பூ பத்தைக் கவனியுங்கள், சூல்முடியில் மஞ்சள் பொடி அப்பியிருக்க வேண்டும். வாசலில் மகரந்தம் வந்து பூவில் பொடி இல்லையென்றால் அது வேறு பூவின் மகரந்தம். தர்பூசணியில் ஒரு பெண்பூவுக்குக் குறைந்தது எட்டுத் தடவையாவது தேனீ வந்துபோக வேண்டும், மூன்று மடலிலும் ஏறக்குறைய 1000 மகரந்தத் துகள் பரவலாக விழுந்தால்தான் காய் கோணாமல் உருண்டு வரும். ஒரு தேனீ ஒருமுறை வந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெட்டி இருக்கும்போது மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் முதல்நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றுவதுதான் நல்லது. முடியாவிட்டால் வாசலை வலையால் அடைத்து மேலே ஈரச் சாக்கு போடலாம், ஆனால் ஒரு நாளுக்கு மேல் கூடாது, வெயில் காலத்தில் உள்ளே வெந்து அடை உருகி விழும். காலையில் வாசல் முன்னே நாக்கு நீட்டியபடி ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால் அது மருந்துச் சாவு. பக்கத்துத் தோட்டத்துச் சூரியகாந்திக்கு என்ன அடிக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

வைகைக்கரை:

தேனடை எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பெட்டி பாகலுக்கு நல்ல பலன் தரும். பீர்க்கனுக்கு அரைப் பலன்தான். ஐந்தரைக்கு விரிகிற பூவுக்குத் தேனீ இருட்டும்வரை சிறிது நேரமும், மறுநாள் காலை சுருங்குமுன் ஓரிரு மணி நேரமும்தான் வரும். இடைப்பட்ட இரவு வேலையைச் செய்வது பெரிய அந்துப்பூச்சிகள். பூவின் முன்னால் உட்காராமல் அந்தரத்தில் படபடத்து நின்று, சுருட்டி வைத்த நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிப்பவை. பந்தலுக்குள் வெள்ளை விளக்கு எரியவிட்டாலோ, விளக்குப் பொறி மாட்டினாலோ அவையும் அதில் போய்ச் சிக்கும். பீர்க்கன் பூக்கும் காலத்தில் பந்தலருகே இரவு விளக்கை அணைத்து வையுங்கள். இந்த வகை அந்துகளின் புழுக்கள் அரளி, நந்தியாவட்டை, சர்க்கரைவள்ளி போன்றவற்றில் இருக்கும்; பெரிதாய், பச்சையாய், வாலில் ஒரு கொம்போடு. வேலியோரத்தில் கண்டால் நசுக்க வேண்டாம்.

அரை ஏக்கர் பீர்க்கனுக்கு உடனடித் தீர்வு கையால் தடவுவது. மாலை ஆறு மணிக்கு மேல் அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழைப் பின்னால் மடக்கிப் பிடித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் மூன்று மடலிலும் மெதுவாகத் தேயுங்கள். ஒரு மடலை விட்டால் அந்தப் பக்கம் சூம்பும். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். பறித்து வைத்த ஆண்பூ வாடியபின் பயனில்லை. விளக்கு வேண்டுமென்றால் தலைவிளக்கு போதும். பாகலுக்கு இதே வேலையைக் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும், பூ சிறியது, ஆகவே கை நிதானம் தேவை. மழை தூறிய நாளில் பூச்சி வராது, அன்றைக்காவது இதைச் செய்யுங்கள்.

மாடித்தோட்டம்_மதுரை:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். மாடியில் தக்காளி, கத்தரி, வெள்ளரி வைத்திருக்கிறேன். கொசுத்தேனீப் பெட்டி ஒன்று வைத்தால் மூன்றுக்கும் உதவுமா?

தேனடை:

சகோதரி, வெள்ளரிக்கு உதவும். கொசுத்தேனீ கொட்டாது, அதிக தூரமும் போகாது, சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், மாடிக்கு ஏற்றது. பெட்டியில் நேர் வெயில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் உங்கள் வெள்ளரி என்ன ரகம் என்று விதைப் பொட்டலத்தில் பாருங்கள். பசுமைக்குடிலுக்கான, மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகமாக இருந்தால் தேனீயே தேவையில்லை. வேறு வெள்ளரியின் மகரந்தம் வந்து சேர்ந்தால் அதில் விதை பிடித்துக் காய் கோணும்.

தக்காளி, கத்தரி கதை வேறு. அவற்றின் மகரந்தப் பையிலிருந்து நுனி வழியாகத்தான் மகரந்தம் கொட்டும். பூவைக் கவ்விப் பிடித்து இறக்கைத் தசையை அதிரவைக்கிற தேனீதான் அதை உதிர்க்க முடியும். கறுப்பாய்ப் பெரிதாய் இருக்கும் தச்சுத்தேனீயும், வயிற்றில் நீல வரி போட்ட தேனீயும் அதைச் செய்யும். பெட்டித் தேனீயால் முடியாது. இரண்டும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் என்பதால் காற்று ஆட்டினாலே ஓரளவு பிடிக்கும், காற்றில்லாத மாடியில் மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் காலை பத்து மணி வாக்கில் ஓரிரு நொடி வைத்தால் போதும். ஐரோப்பாவில் பசுமைக்குடில் தக்காளிக்கு இந்த வேலையை முன்பு ஆட்கள் அதிர்வுக் கருவியால் செய்தார்கள், 1980களின் கடைசியிலிருந்து வளர்ப்பு பம்பிள் தேனீக்கள் செய்கின்றன.

கரிசல்காடு:

பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பந்தல் பூவில் வந்து உட்காருவதில் பாதிக்கு மேல் பெட்டியில் வளராத ஈக்களாக இருக்கலாம்: கொம்புத்தேனீ, மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீக்கள், தச்சுத்தேனீ. இவற்றுக்கு வாடகை கிடையாது, இடம் மட்டும் விட்டால் போதும். வரப்பில் கிழக்குப் பார்த்த ஒரு பகுதியைக் களைக்கொல்லி அடிக்காமல், உழாமல், மூடாக்கு போடாமல் வெறும் மண்ணாக விடுங்கள், மண்ணில் பென்சில் நுனி அளவு துளைகள் தெரியும். அவைதான் கூடுகள். தச்சுத்தேனீக்குக் காய்ந்த முருங்கைக் கிளை, மூங்கில் கழி இரண்டை வேலியில் கட்டி வைத்தால் அதிலே துளை போட்டுக்கொள்ளும். வீட்டு உத்தரத்தைத் துளைக்கிறது என்று விரட்டுகிறோம், ஆனால் முருங்கைக்குப் பெரும்பாலும் காய் பிடிக்க வைப்பது அதுதான்.

வரப்போரப் பூ என்றால் தும்பை, துளசி, செண்டுமல்லி, சோம்பு. பந்தல் பூக்காத மாதங்களில் இவற்றை நம்பித்தான் ஈ வாழும். வேலியில் வேம்பு, புங்கன், தென்னை இருந்தால் கூடுதல் பலம், தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடுவதால் மகரந்தம் ஓயாது. எள், கொத்தமல்லி போன்றவற்றைப் பந்தல் பூக்கிற அதே நேரத்தில் பூக்கும்படி விதைக்காதீர்கள், தேனடை சொன்ன சூரியகாந்திப் பிரச்சினைதான் வரும். முன்னரோ பின்னரோ பூக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேனீ இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை என்று சிலர் பரப்புவது சரியில்லை. நெல், சோளம், கம்பு, மக்காச்சோளம் எதற்கும் பூச்சி வேண்டாம், வாழை மகரந்தமே இல்லாமல் காய்க்கிறது. மிகைப்படுத்தினால் நெல் விவசாயி கேட்டுவிட்டு அலட்சியமாகத்தான் போவார். ஆனால் பூசணிக் குடும்பம் முழுக்க, ஏலக்காய், முருங்கை, மா, சூரியகாந்தி, வெங்காய விதை உற்பத்தி இவற்றில் பூச்சி குறைந்தால் அதே வாரம் பணத்தில் தெரியும். அந்தப் பயிர் வைத்திருக்கிறவர் அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகவே எழுத வேண்டும்.

பந்தல்விவசாயி:

ஒரு கடைசிச் சந்தேகம். பாகலில் ஆண்பூதான் மிக அதிகம், பெண்பூ அங்கொன்றும் இங்கொன்றும். எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி அடித்தால் பெண்பூ கூடும் என்கிறார்கள். இப்போது அடிக்கலாமா? போரானும் சேர்க்கலாமா?

வைகைக்கரை:

எத்ரல் இப்போது வேண்டாம் ஐயா. அது இளம் கொடிக்கானது. விதைத்த 15ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறையாக நான்கு முறை, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் அடிப்பது பாகலுக்கான பரிந்துரை. 39 சத எத்ரல் என்றால் 10 லிட்டருக்கு 2.5 மில்லி. அளவு கூடினால் கொடி குட்டையாகி இலை சுருளும். காய்ப்பில் இருக்கும் கொடியில் அடித்தால் இருக்கிற பூவும் பிஞ்சும் உதிரும். அடுத்த விதைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர, ஆண்பூ அதிகம் என்பது பாகலுக்கு இயல்பு. ஒரு பெண்பூவுக்குப் பதினைந்து, இருபது ஆண்பூ இருந்தாலும் அது குறையல்ல. வெப்பமும் நீண்ட பகலும் தழைச்சத்தும் கூடக் கூட ஆண்பூ இன்னும் ஏறும். யூரியாவை நிறுத்திப் பொட்டாஷ் பக்கம் போனால் அடுத்த பூவடுக்கில் மாற்றம் தெரியும்.

போரான் அடிக்கலாம். 20 சத போரான் லிட்டருக்கு 1 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. மகரந்தக் குழல் சூல்முடியிலிருந்து கீழே வளர்ந்து இறங்க போரான் தேவை. அளவு மீறினால் இலையோரம் கருகும், எனவே டப்பா மூடியால் அளக்காமல் தராசில் போட்டு நிறுத்துக் கலக்குங்கள். அதையும் கரிசல்காடு சொன்ன மதியம் இரண்டரைக்கும் நாலுக்கும் இடையிலேயே அடியுங்கள். 60 பூ சோதனையை முதலில் முடித்துவிடுங்கள். இடையில் போரான் அடித்தால் எதனால் பிஞ்சு நின்றது என்று பிரித்துப் பார்க்க முடியாது.